மைனி என் சர்வருக்கு வரமாட்டேன் என்றார்

“என்கிரிப்ஷன்தான் இருக்கே, அப்புறம் எதுக்குப் பயப்படணும்?” பிரைவசி பற்றி யாரிடம் பேச்சை எடுத்தாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். (என்கிரிப்ஷன் என்றால் வழியில் யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டி அனுப்புவது.) தாராவியில் எங்கள் கல்லிக்காரர்களும் (கல்லி என்றால் சந்து) இதையேதான் கேட்டார்கள். கேள்வியில் தப்பில்லை. ஆனால் எங்களுக்கு வந்த தொல்லைக்கும் என்கிரிப்ஷனுக்கும் சம்பந்தமே இல்லை.

2024-இல் மறுசீரமைப்பு சர்வே தொடங்கியதிலிருந்து இங்கே எல்லோருக்கும் காகித ஜுரம். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருக்கிறோம் என்று காட்ட முடிந்தால் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. அதற்குப் பிந்தி வந்தவர்களுக்கும், மாளாவில் இருப்பவர்களுக்கும் வேறு கணக்கு, வேறு இடம். (மாளா என்றால் மேலே ஏற்றிக் கட்டிய அறை. ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும்.) அதனால் ஆளாளுக்கு டிரங்குப் பெட்டியைக் கிளறி, பழைய லைட் பில், ரேஷன் கார்டு, போட்டோ பாஸ் (குடிசைவாசிகளுக்கு அரசு கொடுத்த அடையாளச் சீட்டு), வோட்டர் லிஸ்டில் பெயர் வந்த பக்கம் என்று போட்டோ எடுத்து, “இது செல்லுமா பாருங்க” என்று கல்லியின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். குரூப்பில் சேர ஒரு லிங்க் உண்டு. அது எந்தெந்தக் கைக்குப் போனதோ, முகம் தெரியாத நம்பர்கள் நிறைய உள்ளே வந்துவிட்டன. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் போன்கள் வர ஆரம்பித்தன. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்ட புரோக்கர், “லைட் பில் இன்னும் உங்க மாமனார் பேர்லதானே இருக்கு? மாத்தித் தர்றோம், செலவாகும்” என்றாராம். மாமனார் இறந்தது எந்த வருஷம் என்பது வரைக்கும் சொன்னாராம். அக்கா ஆடிப்போய்விட்டார். “போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க தம்பி” என்று என்னிடம் ஓடிவந்தார். அந்தேரியில் ஒரு ஆபீஸில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆகவே கல்லியில் கம்ப்யூட்டர் என்று எது வந்தாலும், பிரிண்டர் ரிப்பேர் உட்பட, என் தலையில்தான் விழும்.

யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை. அனுப்பியவர் போனிலிருந்து பெறுபவர் போன் வரைக்கும் செய்தி பத்திரமாகப் பூட்டித்தான் போனது. பெறுபவர்களில் புரோக்கரும் ஒருவர், அவ்வளவுதான். கூடவே, குரூப்பில் இருக்கும் ஒவ்வொருவரின் போன் நம்பரும் அவருக்குச் சும்மாவே கிடைத்தது. பேப்பரில் பெயர், ஆப்பில் நம்பர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு மதியம் போதும்.

இதற்கு முதல் மருந்து தொழில்நுட்பமே இல்லை. காகிதத்தை குரூப்பில் போடக் கூடாது. சங்கத்து அறையில் நேரில் காட்டு, அல்லது ஒருத்தருக்கு மட்டும் அனுப்பு. லிங்க்கை ரத்து செய். இதைச் சொல்லி, கத்தி, ஓரளவுக்கு நடைமுறைக்குக் கொண்டுவந்தோம். இரண்டாவது பிரச்சினை நம்பர். அதற்குத்தான் வேறு பக்கம் போக வேண்டியிருந்தது.

போன் நம்பரை அடையாளமாக வைத்திருக்கும் எந்த ஆப்பிலும் நம்பர்தான் நீங்கள். இந்தியாவில் நம்பர் என்றால் சிம், சிம் என்றால் பெரும்பாலும் ஆதார். நம்பரே கேட்காத ஏற்பாடும் ரொம்ப நாளாகவே இருக்கிறது. எக்ஸ்எம்பிபி என்ற நெறிமுறை (கணினிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் விதிகள்) 1999 வாக்கில் ஜாபர் என்ற பெயரில் தொடங்கி, 2004-இல் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. மின்னஞ்சல் மாதிரியே பெயர், அட் குறி, சர்வர் பெயர் என்று ஒரு முகவரி. உங்கள் கணக்கு ஒரு சர்வரில், என் கணக்கு இன்னொன்றில் இருந்தாலும் பேசிக்கொள்ளலாம். நடுவில் ஒரே கம்பெனி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், வாட்ஸ்அப்பே ஆரம்பத்தில் ஈஜாபர்ட் என்ற எக்ஸ்எம்பிபி சர்வரை எடுத்து, தன் வசதிக்கு மாற்றிக்கொண்டு வளர்ந்ததுதான். கூகிளின் செய்திச் சேவையான கூகிள் டாக்கும் 2006-இல் மற்ற எக்ஸ்எம்பிபி சர்வர்களுக்குக் கதவைத் திறந்தது. 2013-இல் அதற்குப் பதிலாக ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவை மூட ஆரம்பித்தார்கள். கூட்டம் சேரும்வரை திறந்த வீடு, சேர்ந்த பிறகு பூட்டு.

மேட்ரிக்ஸ் என்ற இன்னொரு நெறிமுறையும் ஒரு நல்ல தேர்வுதான். பிரெஞ்சு அரசு ஊழியர்களின் டிசாப் என்ற ஆப் அதன் மேல்தான் ஓடுகிறது. ஆனால் அதில் ஒரு அறையில் (குரூப்பை அப்படித்தான் சொல்வார்கள்) எத்தனை சர்வர்க்காரர்கள் இருக்கிறார்களோ அத்தனை சர்வரிலும் அந்த அறையின் வரலாறு நகலாகிறது. அதன் பிரதான சர்வர் மென்பொருளான சினாப்ஸும் மெமரியை நன்றாகவே தின்னும். எங்களுக்குச் சின்னதாகப் போதும். ஒரு ஜிபி ரேம் உள்ள வாடகைச் சர்வர், மாதம் ஐந்நூறு ரூபாய்க்குள். டொமைன் பெயருக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சுமார். சர்வரில் புரோசடி என்ற எக்ஸ்எம்பிபி மென்பொருள். ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ் ஆப்: பிளே ஸ்டோரில் காசு கேட்கும், எஃப்-டிராய்டு என்ற இன்னொரு ஆப் கடையில் இலவசம். ஐபோன் வைத்திருந்த ஓரிருவருக்கு மோனல் ஆப். கல்லி முழுவதையும் இழுக்கவில்லை. சங்கக் கமிட்டியும், காகித வேலை பார்க்கும் சில பெண்களும் மட்டும்.

பழைய குரூப்பிலிருந்து யாரையும் வெளியேறச் சொல்லவில்லை. இது முக்கியம். “அதை விட்டுட்டு இதுக்கு வா” என்றால் யாரும் வரமாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை, தண்ணீர் வரும் நேரம், காலை வணக்கம் எல்லாம் அங்கேயே இருக்கட்டும். காகிதம், பணம், யார் வீட்டுக்கு எந்த அதிகாரி வந்தார் என்ற பேச்சு மட்டும் இங்கே. ஒரு காரியத்துக்கு ஒரு இடம் என்றதும் வயதானவர்களுக்குக்கூடப் பிடிபட்டது.

தொல்லை கொடுத்தது சர்வர் அல்ல, போன்கள். கான்வர்சேஷன்ஸ் தன் சர்வரோடு எப்போதும் ஒரு இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரி மிச்சம் என்று அதைக் கொன்றுவிடுகின்றன. “நீ அனுப்பினது ராத்திரிதான் வந்துச்சு” என்று புகார் வந்தால், முதலில் பேட்டரி செட்டிங்கில் அந்த ஆப்புக்குக் கட்டுப்பாட்டை எடுங்கள். ஆட்டோஸ்டார்ட் என்று ஒரு பட்டன் இருந்தால் அதையும் போடுங்கள். இந்த ஒரு வேலைக்காகவே சாயங்காலங்களில் வீடு வீடாகப் போயிருக்கிறேன். எல்லா வீட்டிலும் டீ. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள்.

கால் பேச வேண்டுமென்றால் சர்வரோடு டர்ன் என்ற இன்னொரு சேவையும் வேண்டும். மொபைல் நெட்வொர்க்கில் பல போன்கள் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், அது இல்லாவிட்டால் மணி அடிக்கும், குரல் வராது. குரூப் கால் கான்வர்சேஷன்ஸில் கிடையாது. எங்கள் கமிட்டிக்கு அது இல்லாமலிருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

புதுப் போன் வாங்கினால் பழைய செய்திகள் தானாக வராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த ஆப்கள் செய்தியைப் பூட்டப் பயன்படுத்தும் ஓமெமோ என்கிரிப்ஷனில் சாவி ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி. சாவி போனிலேயே இருப்பதால் போன் தொலைந்தால் பழைய பேச்சும் தொலைந்தது. ஆப்பிலேயே கடவுச்சொல் போட்ட பேக்கப் எடுக்கும் வசதி உண்டு. அதை எடுத்து வேறெங்காவது வைத்தால்தான் உண்டு. சிலருக்கு இது பெரிய குறை. சங்கச் செயலாளருக்கு இதுதான் பிடித்த அம்சம்.

இதுவரைக்கும் எல்லாம் வேலைதான், சிந்தனை ஒன்றும் இல்லை. யோசிக்க வைத்தது மைனி.

மைனி என் அண்ணன் மனைவி. கல்லியில் பாதிப் பேருடைய காகிதங்கள் அவருக்கு மனப்பாடம். அவர் இல்லாமல் கமிட்டி நடக்காது. அழைப்பு லிங்க் அனுப்பினேன். நாட்கள் போயின, சேரவில்லை. நேரில் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

“நான் உன் சர்வருக்கு வரமாட்டேன் தம்பி.”

“ஏன் மைனி? அந்தப் பெரிய கம்பெனியைவிட என்னை நம்பலாம்லா?”

“அந்தக் கம்பெனிக்காரனுக்கு நான் ஒரு நம்பரு. உனக்கு நான் மைனி. ராத்திரி பதினொன்னரைக்கு நான் யாருகூடப் பேசுதேன்னு அவனுக்குத் தெரிஞ்சா அவன் என்ன, உங்க அண்ணன்கிட்ட வந்து சொல்லவா போறான்? நீ சொல்லுவேன்னு சொல்லல. உனக்குத் தெரியும்லா. அதுதான்.”

“நான் பாக்கமாட்டேன்” என்பதற்கு இங்கே அர்த்தமே இல்லை. பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. அன்றிரவு சர்வரில் உட்கார்ந்து, அவர் கண்ணால் பார்த்தால் என்னவெல்லாம் தெரியும் என்று தேடினேன். செய்திகளின் உள்ளடக்கம் தெரியவில்லை. ஓமெமோ அதை நன்றாகவே மூடியிருக்கிறது. ஆனால் சர்வர் தானாக எழுதிவைக்கும் லாக் கோப்பில் வரிசையாக இன்னார் இணைந்தார், இன்னார் கடவுச்சொல் சரி, இன்னார் துண்டித்தார் என்று நேரத்தோடு இருந்தது. ஒரு வாரத்தை மேலிருந்து கீழே படித்தால் யார் எப்போது தூங்குகிறார் என்றே சொல்லிவிடலாம். தொடர்புப் பட்டியல் இன்னும் மோசம். புரோசடி அதைப் பயனர் பெயரிலேயே ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக வைத்திருக்கிறது. திறந்தால் யார் யாரைச் சேர்த்து வைத்திருக்கிறார், என்ன செல்லப்பெயர் கொடுத்திருக்கிறார் எல்லாம் பச்சையாகத் தெரியும். எங்கள் பொருளாளர் தன் மச்சானை என்ன பெயரில் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கோப்பை மூடிவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. சர்வரை நடத்துபவர் ஒருவருடைய கடவுச்சொல்லை மாற்றி, அவர் பெயரில் புதிய கருவியாக உள்ளே வர முடியும். பழைய செய்திகளைப் படிக்க முடியாது என்றாலும், இனி வருபவை அந்தப் புதிய கருவிக்கும் வரும். கான்வர்சேஷன்ஸ் ஆரம்பத்தில் புதிய சாவிகளைத் தானாகவே நம்பிக்கொள்ளும். நீங்கள் ஒருவருடைய க்யூஆர் குறியீட்டை நேரில் ஸ்கேன் செய்து உறுதிப்படுத்திவிட்டால், அதற்கப்புறம் வரும் புதுச் சாவியை உங்களைக் கேட்காமல் ஏற்காது. அதனால் எங்கள் கமிட்டியில் இப்போது ஒரு பழக்கம்: சேர்ந்ததும் எல்லோரும் எல்லோருடைய க்யூஆர் குறியீட்டையும் ஸ்கேன் செய்ய வேண்டும். என் மேல் சந்தேகம் இருப்பது மாதிரி நடந்துகொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே ஒத்துழைத்தார்கள்.

லாக்கைத் தேவையான அளவுக்குச் சுருக்கினேன், சீக்கிரம் அழியும்படி வைத்தேன். சர்வரில் தங்கும் செய்திகளுக்கும் படங்களுக்கும் புரோசடியில் இயல்பாகவே ஒரு வாரம்தான் ஆயுள். அதை நீட்டவில்லை. இத்தனையும் செய்துவிட்டு மைனியிடம் போய்ச் சொன்னால், “இதையெல்லாம் நீதானே செஞ்சே, நீதானே திருப்பியும் மாத்தலாம்” என்பார். சரிதான்.

ஆகவே வாதாடவில்லை. “மைனி, என் சர்வர் வேண்டாம். வேற எங்கயாவது கணக்குத் திறங்க. அங்கிருந்தே நம்ம குரூப்புக்கு வரலாம்” என்றேன். அவருடைய தோழியின் மகள் உதவினாள். யாரோ தன்னார்வலர்கள் பல வருஷமாக நடத்தும் பொதுச் சர்வர் ஒன்றில் கணக்குத் திறந்தார். இப்போது அவர் கமிட்டி குரூப்பில் எழுதும்போது, குரூப் என் சர்வரில் இருப்பதால், எப்போது உள்ளே வந்தார், எப்போது எழுதினார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். என் சர்வரில் இல்லாதவர்களோடு அவர் பேசுவது, அவருடைய தொடர்புப் பட்டியல் எதுவும் என் பக்கம் வராது. அங்கே நடத்துபவருக்குத் தெரியும். அவருக்கு இவர் மைனி இல்லை.

பரவலாக்கப்பட்ட வலைப்பின்னல் என்று பெரிய பேராகச் சொல்வதற்கு என் கணக்கில் இதுதான் பொருள். அது உங்கள் ரகசியத்தைத் தானாகக் காப்பாற்றிவிடாது. யாரை நம்புவது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அந்த நம்பிக்கை போனால், மனிதர்களை இழக்காமல் நீங்கள் மட்டும் வெளியே வரலாம். பெரிய ஆப்களில் இந்த இரண்டாவது கிடையாது. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் பிரைவசி கொள்கையை மாற்றி, ஏற்றுக்கொள் என்று கேட்டபோது எத்தனை பேர் கோபப்பட்டோம்? எத்தனை பேர் வெளியேறினோம்? ஊரில் அம்மாவும் அங்கே, கேஸ் ஏஜென்சியும் அங்கே, பிள்ளையின் பள்ளிக்கூடமும் அங்கே. “ஏற்கிறேன்” பட்டனை அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்தோம். அந்தக் கொள்கைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விஷயம் மேல்முறையீட்டுக்கும் போனது. வெளியேற வழியே இல்லாத இடத்தில் சம்மதம் கேட்பது என்ன சம்மதம் என்பதுதான் அதன் அடிப்படைக் கேள்வி. மைனி அதையே அரிசி களைந்துகொண்டு கேட்டார்.

“அப்போ அரட்டை?” என்று நிச்சயம் யாராவது கேட்பீர்கள். ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோ கம்பெனி செய்த செய்தி ஆப் அது. 2025 செப்டம்பரில் அந்த அலை அடித்தபோது எங்கள் கல்லியிலும் பாதிப் பேர் இறக்கினார்கள். நம்மவர்கள் செய்தது என்பதில் எனக்கும் சந்தோஷம்தான். செய்திச் சேவைகள் யுபிஐ, மின்னஞ்சல் மாதிரி ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று ஸ்ரீதர் வேம்பு சொன்னதும் நல்ல பேச்சு. அது நடக்கும் நாளில் மைனியின் முகவரியிலிருந்து அரட்டைக்கு ஒரு வணக்கம் அனுப்பிப் பார்க்கிறேன். அதுவரை அதுவும் ஒரு கம்பெனி, ஒரு சர்வர்க் கூட்டம், ஒரு போன் நம்பர்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை, பயமுறுத்த அல்ல. 2023 மே மாதம் மத்திய அரசு ஜம்மு காஷ்மீரைக் காரணம் காட்டி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் 14 செய்தி ஆப்களைத் தடை செய்தது. எலிமென்ட், பிரையர் இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. எலிமென்ட் என்பது மேட்ரிக்ஸ் நெறிமுறைக்கான பல ஆப்களில் ஒன்று. அதைத் தடுத்தாலும் நெறிமுறை அங்கேயேதான் இருக்கும். பிரையருக்கோ தடுப்பதற்கு மைய சர்வரே கிடையாது. இன்னொரு பக்கம், செய்தியை முதலில் எழுதியவரைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்ற 2021 விதி, 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள பெரிய சேவைகளுக்கானது. எங்கள் கல்லி அந்த எண்ணிக்கையை எட்டக் கொஞ்சம் காலம் ஆகும். ஆனால் சின்னவன் என்பதால் சட்டத்துக்கு வெளியே இருக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். இங்கே வாடகைச் சர்வர் கொடுப்பவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2022-இலேயே மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டது. சர்வர் யார் பெயரில் என்பது ஒளிவுமறைவான விஷயமே இல்லை. நாங்களும் ஒளிக்கவில்லை. ஒளித்து வைக்க வேண்டியது அக்காவின் லைட் பில்தான்.

பிரையர் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையும் மழைக்காலத்தில் முயன்று பார்த்தோம். 2005 ஜூலை 26 நினைவிருப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டி, போன் வேலை செய்யாமல், யார் எங்கே மாட்டியிருக்கிறார் என்றே தெரியாமல் மும்பை விடிய விடிய விழித்திருந்த நாள். பிரையர் இணையம் இல்லாவிட்டாலும் புளூடூத், வைஃபை வழியாகப் பக்கத்துப் போனுக்குச் செய்தி கடத்தும். ஆனால் பக்கம் என்றால் நிஜமாகவே பக்கம். தகரச் சுவர் இரண்டு தாண்டினால் எங்களுக்குத் திணறியது. முன்பின் அறியாதவர்களின் போன்கள் வழியாக ஊரைத் தாண்டி ஓடாது, உங்கள் தொடர்பில் உள்ளவர்களுக்கு இடையில்தான். போன்களில் ஆண்ட்ராய்டுக்கு மட்டும். ஒரே கட்டிடத்துக்கு உதவும். சயானிலிருந்து கல்யாணுக்கு உதவாது. அதை போனில் வைத்திருக்கிறேன், நம்பி இருக்கவில்லை.

சொந்தமாகச் சர்வர் வைக்க எல்லோராலும் முடியாது, வைக்கவும் தேவையில்லை. பொதுச் சர்வரைத் தேடுபவர்கள், எத்தனை வருஷமாக ஓடுகிறது, நடத்துபவர் யார், செலவுக்குக் காசு எங்கிருந்து வருகிறது, எதை எத்தனை நாள் வைத்திருப்போம் என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்றுமே எழுதாத அழகான இடத்தைவிட, “நாங்கள் இருவர்தான், சில நேரம் சர்வர் படுத்துவிடும்” என்று எழுதியிருக்கும் இடம் மேல். ஒரே ஆள் நடத்துவது என்றால், அவர் நாளைக்கு அலுத்துப்போய் மூடினால் உங்கள் முகவரி போய்விடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மின்னஞ்சல் முகவரி மாதிரியேதான் இதுவும். புதுச் சர்வரில் புதுக் கணக்கு திறந்து எல்லோருக்கும் மறுபடி சொல்ல வேண்டும்.

எங்கள் பெரியவர் ஒருவர் இதைத்தான் கேட்டார்: “நீ ஊருக்குப் போயிட்டா?” அதற்காகவே டொமைனை என் பெயரிலிருந்து சங்கத்தின் பெயருக்கு மாற்றினோம். டொமைன் சங்கத்திடம் இருந்தால், சர்வரை நாளைக்கு வேறு யார் எங்கே நடத்தினாலும் முகவரிகள் மாறாது. கல்லியில் பி.எஸ்சி ஐ.டி. படிக்கும் பையன் ஒருவன் இரண்டாவது நிர்வாகியாகச் சேர்ந்திருக்கிறான். அப்டேட் போடுவது, சான்றிதழ் புதுப்பிப்பது, பேக்கப்பைத் திருப்பிப் போட்டுச் சரிபார்ப்பது மூன்றையும் நான் பக்கத்தில் இல்லாமலே செய்து காட்டிவிட்டான். சம்பளம் கேட்கிறான். கமிட்டி இன்னும் பதில் சொல்லவில்லை.